பையில் போடாத மாத்திரை

என் கண் மஞ்சளா வெள்ளையா என்று முடிவு செய்ய எங்கள் வீட்டில் ஐந்து நாள் ஆனது. இத்தனைக்கும் என் வீட்டுக்காரர் சாய மாஸ்டர். வீரபாண்டியில் ஒரு டையிங்கில் இருபது வருடமாகத் துணிக்கு நிறம் ஏற்றுகிறவர். இரண்டு நேவி புளூ துணியை அருகருகே போட்டால் எது ஒரு பொட்டு தூக்கல் என்று தள்ளி நின்றே சொல்லிவிடுவார். அவருக்கு என் கண் பிடிபடவில்லை. காலையில் வாசலில் நிறுத்திப் பார்த்து மஞ்சள் என்றார். சமையலறை டியூப் லைட்டில் பார்த்துவிட்டு அப்படி ஒன்றும் இல்லை என்றார். கண்ணாடியில் பார்த்தால் எனக்கும் காலையில் ஒரு மாதிரி, மத்தியானம் ஒரு மாதிரி தெரிந்தது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து என்னை வண்டியில் ஏற்றி டையிங்குக்கே கூட்டிப்போனார். அங்கே லேபில் லைட் பாக்ஸ் என்று ஒரு பெட்டி உண்டு. வெளிநாட்டுக்காரர் அனுப்பிய துணித்துண்டையும் நாம் சாயம் போட்ட துண்டையும் உள்ளே வைத்து, பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், குண்டு பல்பு வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் போட்டு நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். அதற்குள் என் தலையை விடச் சொன்னார். முடியெல்லாம் கொட்டிப்போய் ஸ்கார்ப் கட்டிய தலை.

"கண்ணை நல்லா முழி புள்ள."

"முழிச்சுட்டுத்தானுங்க இருக்கறேன். சீக்கிரம் பாருங்க. வாட்ச்மேன் பாத்தா என்ன நெனைப்பாரு?"

கடை வெளிச்சத்தில் 'ம்' என்றார். குண்டு பல்பில் 'இது நம்பக்கூடாது' என்றார். பகல் வெளிச்சத்துக்கு மாற்றியதும் ஒரு வெள்ளைத் துணித்துண்டை எடுத்து என் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, "நாளைக்குக் காலைல கோயமுத்தூர் போயிரலாம்" என்றார்.

என் பெயர் மரகதம். பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் பனியனை மேஜையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எங்கே இருக்கிறதோ அங்கே ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள். மார்பில் இருந்த கட்டியையும் குளிக்கும்போது நானேதான் கண்டுபிடித்தேன். கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். மிச்சம் மீதி எங்காவது ஒளிந்திருந்தால் அதையும் கொல்ல, மூன்று வாரத்துக்கு ஒன்று என்று ஆறு ஊசி போட வேண்டும் என்றார்கள். ஊசி என்று பேர்தானே தவிர, அது அரை நாள் பாட்டிலில் இருந்து இறங்கும் மருந்து. மூன்று முடிந்து நாலாவதுக்குக் காத்திருந்தபோதுதான் இந்தக் கண் விவகாரம்.

ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். நாற்பதுக்குள் இருக்க வேண்டிய எஸ்.ஜி.பி.டி. முந்நூற்றுப் பத்து. அது என்ன என்று அவர் பொறுமையாகச் சொன்னார். நாம் சாப்பிடுகிற, ஏற்றிக்கொள்கிற மருந்தையெல்லாம் உடைத்து வெளியே அனுப்புவது கல்லீரல். புற்றுநோய் மருந்து கடுமையானது. அதை உடைக்கிற வேலையில் சில பேருக்குக் கல்லீரலே அடிபடும். அடிபட்ட செல்லுக்குள் இருப்பது ரத்தத்தில் கசியும். எவ்வளவு கசிந்திருக்கிறது என்பதுதான் அந்த எண்.

"நம்ம சாயத்தண்ணி சுத்தம் பண்ற பிளான்ட்டு மாதிரிங்களா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"கிட்டத்தட்ட அப்படித்தான். இப்ப பிளான்ட்டே கெட்டுப்போயிருக்கு. அது சரியாகிற வரைக்கும் அடுத்த லோடு அனுப்ப முடியாது."

மூன்றாவது ஊசி முடிந்து வாந்தியெடுத்துக் கிடந்தபோது, இனி இந்த ஊசியே வேண்டாம் சாமி என்று கும்பிட்டவள் நான். நாலாவது இப்போது இல்லை என்று டாக்டர் சொன்னதும் உட்கார்ந்து அழுதேன். எதற்குப் பயப்படுவது என்றே தெரியவில்லை. மருந்து போட்டால் கல்லீரல் போகும். போடாவிட்டால் கட்டி திரும்ப வரும். என்னைக் காப்பாற்றுகிறது எது, கொல்கிறது எது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு பெட்டியும் கிடையாது. விடுதியில் படித்துக்கொண்டிருந்த மகளுக்குப் போன் போட்டு, சும்மா ஒரு டெஸ்டுக்கு வந்திருக்கிறோம் என்று சொல்லி வைத்தேன்.

பிறகு சோதனைகள். மஞ்சள் காமாலை வைரஸ் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு ஒரு ஹாலில் உட்காரவைத்தார்கள். என்னைப் போலவே ஸ்கார்ப் கட்டிய பெண்கள் ஏழெட்டுப் பேர். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோமே தவிர யாரும் பேசவில்லை. எனக்குக் கொடுத்திருந்த அங்கியில் இடது தோளில் தையல் விட்டிருந்தது. கையில் ஸ்டிக்கர் இருந்தால் ஒட்டியிருப்பேன். ஸ்கேனில் கட்டி எதுவும் கல்லீரலுக்குப் போகவில்லை என்று தெரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். அப்படியானால் எதனால் என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

"வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்று நானும் என் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் சொன்னோம். பல்லடத்தில் இருந்து துணைக்கு வந்திருந்த என் அக்காவும், "ஒண்ணும் இல்லீங்க சாமி" என்றாள்.

டாக்டர் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். "ஊசி ஆரம்பிச்சதில இருந்து கொடுத்த மருந்து, கஷாயம், பொடி எல்லாத்தையும் ஒரு பையில போட்டு நாளைக்குக் கொண்டு வாங்க. நான் திட்ட மாட்டேன்" என்றார்.

மறுநாள் அந்தப் பை என் கட்டிலுக்கு வந்தது. முதலில் அக்கா ஒரு பாட்டிலை எடுத்து வைத்தாள். வாரம் இரண்டு நாள் மோர் என்று அவள் கொடுத்ததெல்லாம் கீழாநெல்லி அரைத்துக் கலந்தது. "ஊசி போட்டா ஈரல் கெட்டுப்போகும்னு ஊருக்குள்ள சொன்னாங்க கண்ணு. முன்னாடியே காப்பு இருக்கட்டும்னு குடுத்தேன்" என்றாள். அடுத்து நான். அவிநாசிப் பக்கம் ஒரு வைத்தியரிடம் வாங்கிய சூரணத்தை, இவர்களுக்குத் தெரியாமல் ஒரு மாதமாக வெந்நீரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். என் குற்றத்தை நானே ஒப்புக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. கடைசியாக அவர், தலையைக் குனிந்துகொண்டே, ஆஸ்பத்திரியில் கொடுத்த சத்து மாத்திரை டப்பாவைத் திறந்தார். உள்ளே இருந்தது சத்து மாத்திரை இல்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கிய கல்லீரல் கேப்சூல். டப்பாவை மட்டும் மாற்றி மூன்று வாரமாக எனக்குக் கொடுத்திருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "ஏனுங்க, என்னைக் கேக்கோணும்னு தோணலையா உங்களுக்கு? நான் என்ன உங்க சாயத்தொட்டியா?"

கேட்டுவிட்டேனே தவிர, அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு விளங்கியது. டையிங்கில் ஒரு லாட்டின் நிறம் சரியாக வராவிட்டால் மாஸ்டர் சும்மா இருக்க மாட்டார். கொஞ்சம் சிவப்பு குறைந்தால் துளி சிவப்பு, நீலம் குறைந்தால் துளி நீலம் என்று மேலே மேலே போடுவார். டாப்பிங் என்று அதற்குப் பேர். அந்தக் கை சும்மா இருந்து பழகியதே இல்லை.

டாக்டர் சொன்னபடியே திட்டவில்லை. கட்டில் பக்கத்து மேஜையில் மூன்றையும் வரிசையாக வைத்தார். என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்போ ஈரலைக் காப்பாத்த மருந்தே கிடையாதுங்களா?"

"இருக்குன்னு சொல்றாங்க. உங்க கேப்சூல் ஒரு முள்செடி விதையில இருந்து எடுக்கிறது. பித்தநீரை நல்லா ஓடவைக்கிற மாத்திரை ஒண்ணு இருக்கு. கீழாநெல்லியையும் ஆராய்ச்சி பண்றாங்க. எலிக்குக் கொடுத்துப் பார்த்ததில சிலது நல்லா வந்திருக்கு. ஆனா மனுஷங்களுக்கு, அதுவும் இந்த ஊசி ஓடுறப்ப, இதைக் கொடுத்தாக் கல்லீரல் தப்பிச்சுடும்னு அடிச்சுச் சொல்ற அளவுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை. அது ஊசியோட வேலையைக் குறைச்சிடுமோன்னும் ஒரு பயம் இருக்கு. கெட்டதுன்னும் சொல்லலை, நல்லதுன்னும் சொல்லலை. எனக்குத் தெரியலை."

தெரியலை என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை. அதில் மரியாதை வந்ததா, பயம் வந்ததா என்று எனக்கே தெரியவில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம் என்றார். பாட்டிலில் குளுக்கோஸ் மட்டும் ஏறியது. என் வீட்டுக்காரர் அந்த டப்பாவைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து, என்னைப் பார்க்காமல் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். நானும் அவரைப் பார்க்காமல் தின்றேன்.

மூன்று நாள் கழித்து ரத்தம் எடுத்தார்கள். குறைந்திருக்கும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். முந்நூற்று நாற்பது.

டாக்டரே குழம்பிப்போனார். கஷாயம், கேப்சூல் எல்லாம் நிறுத்தியும் ஏறுகிறது என்றால், ஊசி மருந்தே இந்தக் கல்லீரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் இறங்காவிட்டால் இந்த மருந்தைக் கைவிட்டு வேறொன்றுக்குப் போக வேண்டும். அது இதைப் போல வேலை செய்யுமா என்று அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. என் கட்டிக்கு ஏற்றது என்று பார்த்துப் பார்த்து எடுத்த மருந்து. பாதியில் போகப்போகிறது. என் வீட்டுக்காரர் வராந்தாவில் போய் நின்றுகொண்டார். தன் கேப்சூல்தான் இதைச் செய்தது என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. அக்காவிடம், "நானே அவளுக்கு வெஷம் வெச்சுட்டனுங்க" என்று சொல்லி அழுதாராம். நான் அவரைக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் செல்வராணி வந்தாள். கம்பெனியில் என் மேஜைக்கு அடுத்த மேஜை அவளுடையது. தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்து வேலைக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. எங்கள் லைன் வீட்டில்தான் குடியிருக்கிறாள். நான் லீவில் போனதும் என் பொறுப்பு எல்லாவற்றையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். பிளாஸ்கில் டீயும் பன்னும் கொண்டுவந்திருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் வந்தாள்.

"உங்களுக்காகச் சபையில ஜெபம் பண்ணிட்டு வாரேன்க்கா. முகம் ஏன் இப்படி வாடிக் கிடக்கு?" என்று கேட்டுக்கொண்டே டீயை ஊற்றினாள். மணி நாலு. கம்பெனியில் டீ மணி அடிக்கிற நேரம். அவள் பையில் இருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, இரண்டைக் கிழித்து என் கையில் வைத்தாள். நான் வாயில் போட்டு ஒரு மடக்கு டீ குடித்தேன். அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார்.

"இப்ப என்ன முழுங்குனீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க. இது மருந்து இல்லீங்க. மேல்வலிக்கு."

"எங்க, காட்டுங்க."

செல்வராணி பயந்துபோய் அட்டையை நீட்டினாள். "சாதாரணக் காய்ச்சல் மாத்திரைதான் சார். எங்க கம்பெனில எல்லாரும் போடுவாங்க" என்றாள்.

உண்மை. பகலெல்லாம் நின்றபடி வேலை. ஷிப்மெண்ட் நேரம் என்றால் ஓவர்டைம் வேறு. இடுப்பும் தோளும் கழன்று விழும். பதினொரு மணி டீக்கு ஒன்று, நாலு மணி டீக்கு ஒன்று, முதலுதவிப் பெட்டியில் இருந்து அந்த மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வது எங்களுக்கு வெற்றிலை போடுவதைப் போலத்தான். மேல்வலியைப் போய் டாக்டரிடம் யாராவது சொல்வார்களா? ஊசி ஆரம்பித்த பிறகு எலும்பெல்லாம் குடைந்தது. அதனால் கொஞ்சம் அதிகமாகப் போட்டேன். ஆஸ்பத்திரிக்கும் பர்ஸில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன், தீர்ந்ததும் செல்வராணியிடம் கேட்டு வாங்கினேன். மருந்தையெல்லாம் பையில் போடச் சொன்னபோது இது என் நினைவுக்கே வரவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை?" என்று டாக்டர் கேட்டார்.

யோசித்தேன். காலையில் எழுந்ததும் இரண்டு. டீக்கு டீ. படுக்கும்போது. நடுவில் வலித்தால்? ஒரு பனியனில் எத்தனை தையல் விட்டிருக்கிறது என்று பார்த்ததும் சொல்லத் தெரிந்த எனக்கு இதற்குப் பதில் சொல்ல வரவில்லை.

"தெரியலீங்க."

டாக்டர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இந்த மாத்திரையும் கல்லீரலில்தான் உடைகிறது. நல்ல உடம்புக்கு அளவோடு போட்டால் பயம் இல்லை. கல்லீரல் தள்ளாடிக்கொண்டிருக்கும்போது இப்படிக் கணக்கில்லாமல் போட்டால், விழுகிறவரைப் பிடித்துத் தள்ளியது போல ஆகிவிடும். இவ்வளவுதான் சொன்னார். செல்வராணி சுவரோடு ஒட்டி நின்று அழுதாள். "நானில்லா கொண்டு வந்து கொடுத்தேன், ஏசப்பா" என்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் உட்காரவைத்தேன். கேட்டு வாங்கியது நான்தானே.

என் வீட்டுக்காரர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவள் போன பிறகு உள்ளே வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. மூன்று நாளாக அந்த மனிதர் தன்னைக் கொலைகாரனாக நினைத்துக்கொண்டு திரிந்தார், நான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

"உங்க கேப்சூல் இல்லீங்க. நான்தானுங்க" என்றேன்.

அவர் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "நான் போட்டதும் அதே தொட்டிலதான், நீ போட்டதும் அதே தொட்டிலதான். எது எந்தச் சாயம்னு இனி யாரு பிரிக்கறது? உடு புள்ள." ஸ்கார்ப் நழுவியிருந்த என் தலையில் கை வைத்தார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

வலிக்கு வேறு வழி செய்தார்கள். வெந்நீர் ஒத்தடம், அளந்து கொடுத்த ஒரே ஒரு மருந்து. வெள்ளிக்கிழமை எண் இருநூற்று எழுபது. அடுத்த வாரம் நூற்றிருபது. நூற்றுக்குக் கீழே இறங்கியதும், அளவைக் கொஞ்சம் குறைத்து அதே மருந்தை நாலாவது ஊசியாகப் போட்டார்கள். ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும் ரத்தம் எடுத்தார்கள், எண் நாற்பதை ஒட்டியே நின்றது. ஐந்தும் ஆறும் முடிந்தது. கடைசி நாள் டாக்டரிடம் கேட்டேன், எதுங்க என் ஈரலைக் கெடுத்தது என்று. மாத்திரையாக இருக்கலாம், சூரணமாக இருக்கலாம், ஊசியின் பங்கும் இருக்கலாம், எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம் என்றார். கஷாயத்தால் கொஞ்சமாவது காப்பு கிடைத்திருக்குமா என்று அக்காவுக்காகக் கேட்டேன். அதற்கும் தெரியலை என்றுதான் சொன்னார். இன்று வரை எனக்கும் தெரியாது.

முடி கொஞ்சம் வளர்ந்ததும் மறுபடி வேலைக்குப் போனேன். செல்வராணி என் பொருள்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தாள். ஸ்டிக்கர் ரோல், கத்தரி, ரிப்போர்ட் நோட்டு. கடைசியாகச் சுருக்குக் கயிற்றில் கட்டிய ஒரு சாவி. முதலுதவிப் பெட்டியின் சாவி. ஒன்பது வருடமாக அது என் இடுப்பில்தான் இருந்தது. கேட்ட கைக்கெல்லாம் மாத்திரை கிழித்துக் கொடுத்தவள் நான்தான்.

நாலு மணிக்கு டீ மணி அடித்தது. பெட்டிக்கு முன்னால் எப்போதும் போல வரிசை நின்றது. முதலில் இருந்தவள் ஓவர்லாக் மிஷினில் தைக்கிற சின்னப் பெண், கல்யாணமாகி ஆறு மாதம். கையை நீட்டிக்கொண்டு சிரித்தாள்.

"அக்கா வந்துட்டீங்களா! இடுப்பு உட்டுப்போச்சுங்கக்கா. ரெண்டாக் குடுங்க."

சாவியைப் பூட்டில் வைத்தபடி கேட்டேன்: "இன்னிக்கு இது எத்தனாவது கண்ணு?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தாள். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள், பாதியில் நின்றுவிட்டாள். பின்னால் திரும்பிப் பக்கத்து மிஷின்காரியைப் பார்த்தாள். அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள். வரிசையில் ஒருத்திக்கும் பதில் தெரியவில்லை.